கோத்தகிரி, 80 சென்ட், பி.எச். 5.1: குதிரை மசால் எடுபடுமா? உலர்தீவனம் செய்ய வழி உண்டா?

#1 கோத்தகிரி_80சென்ட்

எல்லாருக்கும் வணக்கம். விவரத்தை முதலிலேயே போட்டுடறேன்.

இடம் கோத்தகிரி பக்கம், ஏறத்தாழ 1,900 மீட்டர். நிலம் 80 சென்ட், படிமட்டம் வெட்டினது. இதுவரை உருளை, முட்டைகோஸ், கேரட் மாறி மாறி. மண் பரிசோதனையில் பி.எச். (புளிப்பு அளவு, எண் குறைஞ்சா புளிப்பு அதிகம்) 5.1, கரிமச்சத்து நல்லா இருக்கு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு. மாடு மூணு, எல்லாம் ஜெர்சி கலப்பு. ஒரு ஓரத்தில் கோ-5 புல் இருக்கு, டிசம்பர் வந்தா அப்படியே நின்னுடுது.

கேள்வி ரெண்டு. குதிரை மசால் (லூசர்ன் தீவனம்) போட்டா வருமா? கோடைக்கு அதைக் காயவைத்து எடுத்து வைக்க முடியுமா? துண்டுப்பிரசுரத்தில் 'பூக்கும்போது அறுத்து நிழலில் காயவைக்கவும்' என்று ஒரே வரி போட்டிருக்கு. இந்த ஊர்ப் பனியில் எந்த நிழலில் எது காயும்?

#2 கேத்திப்பள்ளம்

அந்தப் பிரசுரம் கோயம்புத்தூருக்கு எழுதினது. அங்கே பி.எச். 7.5, வெயிலும் அதிகம். அதை இங்கே கொண்டுவந்து படிச்சா விதைக்காசு போச்சு.

குதிரை மசாலுக்கு பி.எச். 6.5 வேணும். 5.5-க்குக் கீழே போனா மண்ணில் இருக்கிற அலுமினியம் கரைஞ்சு வேர் நுனியைக் கருக்கும். விதை முளைக்கும், ஒரு சாண் வரும், அப்புறம் இலை வெளுத்து நிக்கும். பிடுங்கிப் பார்த்தா வேர் குட்டையா, தடிச்சு, பக்கவேர் இல்லாம இருக்கும். நிறைய பேர் அதைப் பார்த்துட்டு 'தழைச்சத்து பத்தலை' என்று யூரியா வீசுவாங்க. அது பசியில்லை, விஷம்.

அதனால முதல் செலவு சுண்ணாம்பு. நம்ம மண்ணில் கரிமச்சத்து அதிகம், அதனால் பி.எச். லேசில் நகராது. மண் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது 'சுண்ணாம்புத் தேவை' என்று தனியா கேளுங்க, பி.எச். எண்ணை மட்டும் வெச்சு அளவு சொல்ல முடியாது. குத்துமதிப்பா ஏக்கருக்கு 2.5 முதல் 3 டன் வரும். தேயிலைக்குப் போடுற டோலமைட்டே போதும், மக்னீசியமும் சேர்ந்து கிடைக்கும். பாதியை உழவுக்கு முன்னாடி, பாதியை உழவுக்கு அப்புறம் போட்டு 15 செ.மீ. ஆழம் கலக்கணும். மேலாகத் தூவி விட்டா மேல் ரெண்டு விரல்கடை மண் மட்டும் மாறும், வேர் கீழே இறங்கினதும் பழைய புளிப்பு மண்ணில் மாட்டும்.

போட்டதும் விதைக்கக் கூடாது. மூணு மாசமாவது ஆகணும். சாணி எருவையும் சுண்ணாம்பையும் ஒரே நாளில் போடாதீங்க. மூக்கில் நெடி ஏறும் பாருங்க, அது உங்க தழைச்சத்து ஆவியாப் போற வாசம். மூணு வாரம் இடைவெளி விடுங்க.

இன்னொண்ணு. பாறை பாஸ்பேட் நம்ம புளிப்பு மண்ணுக்கு நல்லதுதான், ஆனா அது கரையறதே புளிப்பில்தான். சுண்ணாம்பு போட்ட பாத்தியில் அது கல்லு மாதிரி கிடக்கும். அங்கே சூப்பர் பாஸ்பேட் போடுங்க.

#3 கூக்கல்தொரை_காய்

சுண்ணாம்பு போடச் சொல்றதுக்கு முன்னாடி அவர் அந்த நிலத்தில் மறுபடி உருளை போடுவாரா என்று கேட்கணும் இல்லையா? பி.எச். ஏறினா உருளையில் சொறி நோய் வரும். 5.2-க்குக் கீழே சொறி அடங்கி இருக்கும். 6.5-க்குக் கொண்டுபோயிட்டு அடுத்த வருஷம் உருளை வெச்சா, தோல் முழுக்கச் சொறி, மண்டியில் பாதி விலை.

#4 கேத்திப்பள்ளம்

> அடுத்த வருஷம் உருளை வெச்சா

சரியான கேள்வி, நான் விட்டுட்டேன். ஆனா முட்டைகோசுக்கு அதே சுண்ணாம்பு நல்லது. வேர் உருண்டு வீங்குமே, அந்த நோய் பி.எச். ஏறினா அடங்கும். ஆக, சுண்ணாம்பு போட்ட பாத்தி கோஸ், கேரட், மசால் என்று போகட்டும். உருளைப் பாத்தி தனியா இருக்கட்டும்.

உருளை பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிடறேன். உருளை வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு 1961-இலேயே நீலகிரியில் கண்டுபிடிச்சாச்சு, கொடைக்கானலிலும் இருக்கு. அதுக்கு உருளை இல்லாத மூணு நாலு வருஷம் வேணும் என்று எல்லாரும் சொல்றாங்க, யாரும் விடறதில்லை, ஏன்னா நிலத்தைச் சும்மா போட முடியாது. பட்டாணி, பீன்ஸ், மசால், குளோவர் (மூவிலைத் தீவனச்செடி) எதுவுமே அந்தப் புழுவுக்கு உணவு இல்லை. மூணு வருஷம் நிக்கிற தீவனம் போட்டா நிலமும் சும்மா இருக்காது, கூட்டுக்குள்ள இருக்கிற முட்டையும் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா பொரிஞ்சு பட்டினியில் சாகும். பாலுக்காக மட்டும் இந்தக் கணக்கைப் பார்க்காதீங்க.

#5 மன்னவனூர்க்காற்று

கொடைக்கானல் மேல்மலையில் இருந்து. நான் வேற பக்கமிருந்து வர்றேன். பயிரை முதலில் முடிவு பண்ணாதீங்க, காயவைக்கிற நாளை முதலில் முடிவு பண்ணுங்க.

நம்ம மலைகளில் உலர்தீவனம் செய்ய ஒரே ஒரு வாசல்தான் திறக்கும்: ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை. அதுக்கு முன்னாடி வடகிழக்கு மழை, அதுக்குப் பின்னாடி கோடை இடிமழை, அப்புறம் தென்மேற்கு, நடுவில் எப்பவும் மூடுபனி. ஜனவரியில் ராத்திரி உறைபனி விழுந்தாலும் பகலில் வெயில் சுள்ளென்று இருக்கும், காத்தும் வறண்டு இருக்கும். அந்தப் பத்து வாரத்தில் அறுப்புக்கு நிக்கிற பயிர் எதுவோ அதுதான் உங்களுக்கு உலர்தீவனப் பயிர்.

குதிரை மசால் பனியில் சுருண்டு படுத்துடும், அந்த நேரத்தில் வெட்டு மெலிசா இருக்கும். நீங்க எதிர்பார்க்கிற வேலையை ஓட்ஸும் பட்டாணியும் செய்யும். ஓட்ஸ் பனி தாங்கும், 5.5 பி.எச். இருந்தா போதும், பட்டாணிக்கொடி அதில் ஏறிக்கும், தரையில் கிடந்து அழுகாது.

அளவு, ஏக்கருக்கு: ஓட்ஸ் 25 கிலோ, பட்டாணி 30 கிலோ. வெட்ச் (பட்டாணி மாதிரி ஒரு தீவனக்கொடி) விதை கிடைச்சா பட்டாணிக்குப் பதில் 14 கிலோ. ஓட்ஸை 25 செ.மீ. வரிசையில் போட்டு, பட்டாணியை அதே வரிசையில் கொஞ்சம் ஆழமா, 4 செ.மீ. போடுங்க.

விதைக்கிற தேதிதான் எல்லாமே. செப்டம்பரில் போட்டா டிசம்பர் மழையில் முற்றி நிக்கும், அறுக்க முடியாது, சாய்ஞ்சு கீழ் இலை பழுக்கும். அக்டோபர் நடுவில் போடுங்க, குளிரில் 95, 100 நாள் எடுத்துக்கும், ஜனவரி கடைசியில் கைக்கு வரும். ஓட்ஸ் கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிறப்போ, பட்டாணியில் கீழ்க்காய் தட்டையா தெரியிறப்போ அறுக்கணும். வெட்ச் என்றால் விதை முற்ற விடவே கூடாது, முற்றின விதை மாட்டுக்கு ஆகாது.

#6 கோத்தகிரி_80சென்ட்

அப்போ குதிரை மசாலை விட்டுடலாமா?

இங்கே காய்க்குப் பட்டாணி போடறவங்க நிறைய. காய் பறிச்சதும் கொடியைச் சும்மா கொடுப்பாங்க. அதையே காயவைக்கலாமே?

#7 மன்னவனூர்க்காற்று

கொடி நல்ல தீவனம்தான். கடைசியா மருந்து அடிச்சது எப்போ, என்ன மருந்து என்று கேட்டுட்டு எடுங்க. காய்க்கு அடிக்கிற மருந்துக்குக் காத்திருப்பு நாள் என்று ஒண்ணு உண்டு. அதைக் காய்க்கே பாதி பேர் பார்க்கிறதில்லை, கொடிக்கு யார் பார்க்கப் போறாங்க? பதில் தெளிவா வரலைன்னா வேண்டாம்.

விதையிலும் கவனம். கடைப் பட்டாணி விதை ரோஸ் கலரா இருந்தா திரம் மாதிரி பூசணக்கொல்லி பூசினது. அதுமேல ரைசோபியம் (வேர்முடிச்சு பாக்டீரியா) கலக்கினா பாக்டீரியா செத்துடும். மிஞ்சின விதையை மாட்டுக்கோ கோழிக்கோ போடவும் கூடாது.

#8 கேத்திப்பள்ளம்

மசாலை விட வேண்டாம், குறைச்சுக்குங்க. தண்ணி பக்கத்தில் இருக்கிற 20 சென்ட் மட்டும். பள்ளத்தில் வேண்டாம், உறைபனி அங்கேதான் தேங்கும். தண்ணி நிக்கிற இடம் என்றால் வேர் ஒரே மழையில் அழுகும்.

20 சென்ட்டுக்குக் கணக்கு: டோலமைட் 500, 600 கிலோ. தொழு எரு 2 டன். சூப்பர் பாஸ்பேட் 60 கிலோ. விதை 1.6 கிலோ, 25 செ.மீ. வரிசை, 1 செ.மீ. ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. போராக்ஸ் ஒரு கிலோவுக்குள்ளே, மணலில் கலந்து. அதிகமானா எரிச்சுடும். போரான் பத்தலைன்னா மேல் இலை மஞ்சளாகி, கணு குறுகி, கொத்தா நிக்கும். வெயில் காலத்தில்தான் தெரியும்.

விதை வாங்கும்போது வெள்ளைத்தாளில் கொட்டிப் பாருங்க. மசால் விதை சிறுநீரக வடிவம், பழுப்பு மஞ்சள், பளபளப்பு. நடுவில் சொரசொரப்பா, உருண்டையா, சாம்பல் நிறத்தில் சின்ன விதை இருந்தா அது அம்மையார் கூந்தல். ஒரு விதை போதும், மஞ்சள் நூல் மாதிரி பாத்தி முழுக்கச் சுத்தும். இலை கிடையாது, வேரும் பிறகு கிடையாது, மசாலைக் குடிச்சே வாழும். வந்துட்டா அந்த இடத்தைச் சுத்தி ஒரு அடி சேர்த்து அறுத்து, அங்கேயே காயவிட்டு எரிக்கணும். பிடுங்கி எருக்குழியில் போட்டீங்கன்னா அடுத்த வருஷம் எரு போட்ட இடமெல்லாம் அதுதான்.

ரைசோபியம் விஷயத்தில் ஒண்ணு. பட்டாணிக்கு ஒரு இனம், மசாலுக்கு ஒரு இனம், குளோவருக்கு வேற. பாக்கெட்டில் பயிர் பெயர் பார்த்து வாங்குங்க, தட்டைப்பயறுக்குக் கொடுக்கிறதை இங்கே போட்டுப் பயனில்லை. ஆறின அரிசிக் கஞ்சியில் குழைச்சு விதையில் புரட்டி, மேலே நைசான சுண்ணாம்புக்கல் தூள் தூவுங்க, விதை ஒண்ணோடொண்ணு ஒட்டாம உதிர்ற வரைக்கும். புளிப்பு மண்ணில் அந்தத் தூள்தான் பாக்டீரியாவுக்குக் குடை. வெள்ளையடிக்கிற நீத்துச் சுண்ணாம்பு போட்டா பாக்டீரியா வெந்துடும்.

ஆறு வாரத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி, வேரைத் தண்ணியில் அலசி, முடிச்சை நகத்தால் கீறுங்க. உள்ளே ரோஸ், சிவப்பு: வேலை செய்யுது. வெள்ளை, பச்சை: சும்மா உட்கார்ந்திருக்கு. பிடுங்கிப் பார்க்காதீங்க, முடிச்சு மண்ணிலேயே அறுந்து நின்னுடும். அப்புறம் 'முடிச்சே இல்லை' என்று இங்கே வந்து எழுதுவீங்க.

#9 தாண்டிக்குடிச்_சரிவு

கீழ்ப்பழனி மலைக்காரங்க யாராவது படிச்சா அவங்களுக்காக. 1,200, 1,300 மீட்டரில் காப்பித் தோட்ட ஓரங்களுக்கு இந்தக் கதை எதுவும் பொருந்தாது. அங்கே முயல் மசால் (ஸ்டைலோ) போதும், புளிப்பு மண்ணையும் வறட்சியையும் தாங்கும், சுண்ணாம்பு கேட்காது. உறைபனிதான் ஆகாது. விதைத் தோல் கெட்டி. 80 டிகிரி வெந்நீரில் நாலு நிமிஷம், உடனே வடிச்சு ராத்திரி முழுக்கப் பச்சைத்தண்ணியில். கொதிக்கிற தண்ணியை அப்படியே ஊத்தினா அவிஞ்ச விதைதான் மிச்சம். வேலி மசாலுக்கும் இதே முறை.

#10 மலைக்கால்நடை

பயிர் பற்றி நல்ல விவரம் வந்துவிட்டது. மாட்டின் பக்கத்திலிருந்து சில குறிப்புகள்.

இளம் குதிரை மசால், வெள்ளை குளோவர், சிவப்பு குளோவர் மூன்றும் வயிற்று உப்புசம் உண்டாக்கும். இவற்றின் புரதம் கரைந்து நுரையாகிவிடும். வாயு நுரைக்குள் சிக்கிக்கொள்வதால் மாட்டால் ஏப்பம் விட முடியாது. பனியில் நனைந்த இளம் தழையைப் பசியோடு தின்பதுதான் மிக ஆபத்து. கிக்குயு புல்லோடு குளோவர் கலந்து வளரும் மேய்ச்சலில் குளோவர் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் எச்சரிக்கையாக இருங்கள். காலையில் வைக்கோலோ உலர்தீவனமோ 2 கிலோ கொடுத்து, பனி உலர்ந்த பிறகு விடுங்கள். முதல் நாள் கால் மணி நேரம், பிறகு ஒரு வாரத்தில் படிப்படியாகக் கூட்டலாம்.

இடது விலா முதுகெலும்பு மட்டத்துக்கு எழும்பி, தட்டினால் மத்தளம் போல ஒலித்தால் உடனே மருத்துவரை அழையுங்கள். அவர் வரும் வரை முன்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்துங்கள். கடலை எண்ணெய் 250 மி.லி. மெதுவாக, நாக்கைப் பிடித்து இழுக்காமல், தலையை அதிகம் தூக்காமல் புகட்டலாம். அவசரமாக ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். உப்புசத்தில் பிழைத்த மாடு நிமோனியாவில் போகும். படுத்துவிட்ட மாட்டுக்கு எதையும் புகட்டாதீர்கள்.

400 கிலோ எடையுள்ள கறவை மாட்டுக்கு நாள் ஒன்றுக்கு உலர் எடையில் 10 முதல் 12 கிலோ தீவனம் வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு பயறுவகை இருந்தால் அடர்தீவனத்தைக் கணிசமாகக் குறைக்கலாம். முழுக்க மசாலாகப் போடுவது வீண். மிகுதிப் புரதம் சிறுநீரில் போகும்.

செம்மறி வைத்திருப்பவர்களுக்கு: சிவப்பு குளோவரில் ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருள் உண்டு. இனச்சேர்க்கைக்கு ஆறு வாரம் முன்பே பெட்டை ஆடுகளை அதிலிருந்து மாற்றுங்கள், இல்லையென்றால் சினை பிடிப்பது குறையும். ஈரக் காலத்தில் சிவப்பு குளோவர் இலையில் கரும்புள்ளிப் பூசணம் வந்தால் காய்ந்த பிறகும் நஞ்சு போகாது; தின்ற மாடு வாயிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கும். அந்தத் தீவனத்தை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

#11 கோத்தகிரி_80சென்ட்

டாக்டர், ரொம்ப நன்றி.

அப்போ 20 சென்ட் மசால், அதைப் பச்சையா அறுத்துப் போட. 60 சென்ட் ஓட்ஸ், பட்டாணி, காயவைக்க. விதை 15 கிலோவும் 18 கிலோவும் வருது. இப்ப காயவைக்கிறதைச் சொல்லுங்க. ஜனவரியில் காலை பத்து மணி வரை எல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சு இருக்கு.

#12 மன்னவனூர்க்காற்று

பத்து மணிக்கு மேல அறுங்க. அறுத்ததை அன்னைக்குப் பரப்பி விடுங்க, சாயங்காலம் நாலு மணிக்குள்ள குவியலா ஒதுக்கிடுங்க, பனி மேலாக மட்டும் படும். மறுநாள் பனி காய்ஞ்சதும் பிரிச்சு விடுங்க.

பயறுவகையில் முக்கால் சத்து இலையில். ஓட்ஸ் தண்டு காயறதுக்குள்ள பட்டாணி இலை மொறுமொறுன்னு ஆயிடும். மதியம் ரெண்டு மணிக்கு வாரியால் புரட்டினீங்கன்னா இலை எல்லாம் தரையில், தண்டு மட்டும் மாட்டுக்கு. புரட்டற வேலை காலையில், இலை கொஞ்சம் பதமா இருக்கும்போதே முடியணும்.

தரையிலேயே முழுசாக் காயவைக்காதீங்க. ஒண்ணரை நாள் வாடினதும் முக்காலியில் ஏத்துங்க. ஏழடிக் கற்பூர மரக் (யூகலிப்டஸ்) கம்பு மூணு, தலையில் கட்டி, கீழே அஞ்சடி விரிச்சு. தரையிலிருந்து ஒண்ணரை அடியில் ஒரு சுத்து குறுக்குக் கம்பு, அதுக்கு மேல ரெண்டடியில் இன்னொரு சுத்து. கீழிருந்து மேலாகத் தொங்கவிடுங்க, உள்ளே கூடு காலியா இருக்கணும், காத்து கீழே புகுந்து மேலே போகணும். நிறைய பேர் ஆசையில் நடுவிலும் திணிப்பாங்க. வெளியே பொன்னாட்டம் காய்ஞ்சிருக்கும், கைவிட்டுப் பார்த்தா உள்ளே சாம்பல் பூசணம். ஒரு முக்காலிக்கு வாடின தழை 100 கிலோவுக்கு மேல வேண்டாம். உச்சியை மட்டும் கூரை மாதிரி ஓட்ஸ் தாளால் மூடுங்க, சாரல் வழிஞ்சு போயிடும். தார்ப்பாயைச் சுத்தி இழுத்துக் கட்டினா உள்ளேயே வேர்க்கும்.

பத்து நாளிலிருந்து ரெண்டு வாரம். 100 கிலோ பச்சையில் 80 சதவீதம் தண்ணி என்றால் 15 சத ஈரத்தில் கையில் நிக்கிறது 23 கிலோ சொச்சம். இதைத் தெரிஞ்சுக்கிட்டா ஏமாற்றம் இருக்காது.

முக்காலியை வீட்டுப்பக்கம் வைங்க. காட்டுமாடு ஒரே ராத்திரியில் மூணு முக்காலியைத் தள்ளிச் சாப்பிடும். அதுக்கும் தெரியும் இது நல்ல தீவனம் என்று.

#13 கூக்கல்தொரை_காய்

பாலிஹவுஸ் காலியா இருந்தா அதிலேயே காயவைக்கலாமே?

#14 மன்னவனூர்க்காற்று

தாராளமா. ரெண்டு பக்கத் திரையும் பகலில் ஏத்தி விட்டாத்தான். மூடி வெச்சா ஆவி மேல் ஷீட்டில் பட்டு, ராத்திரி தீவனத்து மேலேயே சொட்டும்.

#15 கேத்திப்பள்ளம்

ஜூனில் இருந்து டிசம்பர் வரை வர்ற மசால் வெட்டு மிஞ்சினா அதை ஊறுகாய்ப்புல் (சைலேஜ்) ஆக்கலாம். தனி மசால் ஊறாது, அழுகும்: சர்க்கரை குறைவு, புரதம் புளிப்பை ஏற விடாது. பாலிஹவுஸிலோ கொட்டகையிலோ ஒரு நாள் வாடவிட்டு, 2, 3 செ.மீ. நறுக்கி, கையில் உருட்டிப் பிடிங்க. உருண்டை மெதுவா விரியணும், உள்ளங்கை நனையக் கூடாது. 100 கிலோவுக்கு மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) 3 கிலோ, அதே அளவு தண்ணியில் கரைச்சுத் தெளிச்சு, 200 லிட்டர் ப்ளூ டிரம்மில் அரை அடிக்கு ஒருதரம் ஏறி மிதிங்க. 100, 120 கிலோ பிடிக்கும். 45 நாள் திறக்காதீங்க. திறந்தா பழவாசமும் புளிப்பும் வரணும். கெட்டுப்போன நெய் வாடையும் வழவழப்பும் இருந்தா அது குப்பைதான்.

#16 கோத்தகிரி_80சென்ட்

காய்ஞ்சது போதுமா என்று எப்படித் தெரிஞ்சுக்கறது? ஈரமானி எல்லாம் இல்லை.

#17 மலைக்கால்நடை

கட்டு கட்டி அடுக்க ஈரம் 15 சதத்துக்குள் இருக்க வேண்டும். 20-ஐத் தாண்டினால் சூடேறிப் பூசணம் பிடிக்கும். தண்டின் கணுவை நகத்தால் அழுத்துங்கள். சாறு கசிந்தால் இன்னும் இல்லை. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் பாதிக்கு நறுக்கிய தீவனம், அதில் ஒரு மேசைக்கரண்டி உப்பு, மூடி இரண்டு மூன்று நிமிடம் குலுக்குங்கள். உப்பு கட்டிபிடித்தால் 15-க்கு மேல். உதிரியாகவே இருந்தால் அடுக்கலாம்.

அடுக்கிய பிறகு முதல் மூன்று வாரம் கடப்பாரையை நடுவில் செருகி, கால் மணி நேரம் கழித்து உருவிப் பிடித்துப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் அன்றே பிரித்துவிடுங்கள். ஆனால் உள்ளிருந்து கருகிய வாசமோ புகையோ வந்தால் பிரிக்காதீர்கள். காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளும். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

#18 கேத்திப்பள்ளம்

கட்டு கட்ட மரப்பெட்டி ஒண்ணு போதும்: 3 அடி நீளம், ஒண்ணரை அடி அகலம், ஒண்ணரை அடி உயரம், மேலும் கீழும் திறப்பு. கயிறு ரெண்டு முதலில் விரிச்சு, திணிச்சு, ஏறி மிதிச்சு, கட்டி, பெட்டியை மேலே உருவிடுங்க. கட்டு 15 கிலோ சொச்சம் வரும். காலையில் பெட்டியில் அடைச்சா இலை உதிராது. தரையில் நேரா அடுக்காதீங்க, சிமெண்ட் தரை ஈரம் இழுக்கும். பலகை போட்டு நாலு விரல் உசரத்தில்.

#19 கோத்தகிரி_80சென்ட்

உப்புச் சோதனையை இப்பவே வைக்கோலில் செஞ்சு பார்த்தேன். போன வருஷத்து வைக்கோல், மொறுமொறுன்னு இருக்கு. அதுக்கே உப்பு கட்டிபிடிக்குது. கல் உப்பு போடணுமா, தூள் உப்பா?

#20 மலைக்கால்நடை

தூள் உப்பு. சிக்கல் வைக்கோலில் இல்லை, உங்கள் உப்பில் இருக்கும். மலையில் அடுப்படி டப்பாவில் இருக்கும் உப்பு ஏற்கெனவே ஈரம். தோசைக்கல்லில் போட்டு மிதமான தீயில் ஐந்து நிமிடம் வறுத்து, மூடி ஆறவைத்து, பாட்டிலையும் வெயிலில் காயவைத்துவிட்டு மறுபடி குலுக்கிப் பாருங்கள்.

#21 கோத்தகிரி_80சென்ட்

உதிரியா வந்துடுச்சு.